இறந்து கிடக்கும் பாறு கழுகில் மாதிரி எடுப்பது: என் பட்டியலில் எங்கே தவறு?

மாயாறு_வடகரை:

வணக்கம். மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஊரில் கால்நடை மருந்தகம். வனத்துறையிலிருந்து அழைப்பு வந்தால் பாறு கழுகை (பிணந்தின்னிக் கழுகு) அறுத்துப் பார்த்து மாதிரி எடுக்க வேண்டியது நான்தான். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு மூன்றும் இந்தப் பக்கம் உண்டு. அழைப்பு வந்த பிறகு ஓடாமல் முன்கூட்டியே ஒரு பெட்டி தயார் செய்து வைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் பார்த்துத் திருத்துங்கள்.

பெட்டியில் இருப்பவை: 10% ஃபார்மலின் 1 லிட்டர், அகன்ற வாய் பிளாஸ்டிக் டப்பா 4, ஜிப் கவர் 20, லேடெக்ஸ் கையுறை, ஸ்கால்பெல், கத்தரி, மார்க்கர் பேனா, அரக்கு.

நினைத்து வைத்திருக்கும் முறை: உடல் கைக்கு வந்ததும் மருந்தக டீப் ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறுநாள் காலை அறுப்பது. கல்லீரல், சிறுநீரகம், இதயம், மூளை, இரைப்பை எல்லாவற்றிலும் ஒரு துண்டு ஃபார்மலினில். மீதிக் கல்லீரலும் சிறுநீரகமும் ஜிப் கவரில் போட்டு மறுபடி ஃப்ரீசரில். உறுப்புகளின் மேல் வெள்ளைப் பூச்சு இருந்தால் டைக்ளோஃபினாக் (மாட்டுக்குப் போடும் வலிநிவாரணி, அந்த மாடு செத்து அதைத் தின்றால் பாறு சாகும்), இல்லாவிட்டால் பூச்சிமருந்து என்று முதல் அறிக்கையில் எழுதுவது.

என் சந்தேகங்கள் மூன்று. ஒன்று, இந்த வரிசை சரியா? இரண்டு, புழு வைத்துப்போன உடலில் மாதிரி எடுத்துப் பயன் உண்டா? மூன்று, பக்கத்தில் மாடு செத்துக் கிடந்தால் அதில் என்ன எடுப்பது?

---

திசுத்தகடு:

ஃப்ரீசரில் இருந்தே தொடங்குகிறேன், பாதிக் கேஸ் செத்துப்போவது அங்கேதான். முழு உடலையும் உறைய வைத்தால் செல்லுக்குள் பனிப்படிகம் உண்டாகிக் கிழிந்துவிடும். பிறகு நுண்ணோக்கியில் சிறுநீரகக் குழாய்களைப் பார்த்தால் கூழ்தான் தெரியும். மருந்து எச்சச் சோதனைக்கு (திசுவில் தங்கிய மருந்தைத் தேடுவது) அந்த உடல் உதவும், திசுச் சோதனைக்கு உதவாது. 24 மணி நேரத்துக்குள் அறுக்க முடியும் என்றால் உறைய வைக்காதீர்கள். ஐஸ் பெட்டியில் 4 டிகிரி பக்கத்தில் வையுங்கள். வைக்கும் முன் சோப்புத் தண்ணீரால் இறகை நனைத்துவிட வேண்டும். கழுகின் இறகு நல்ல கம்பளி. நனைக்காவிட்டால் வெளியே ஐஸ் இருந்தாலும் உள்ளே சூடு அப்படியே நிற்கும், சிறுநீரகம் சீக்கிரம் அழுகும்.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஃபார்மலினில் போடுவது. பாறு கழுகு கேஸில் நாம் தேடுவது யூரிக் அமிலப் படிகம் (யூரேட்). ஃபார்மலின் என்பது தண்ணீர்க் கரைசல், அதில் அந்தப் படிகம் கரைந்து போய்விடும். தகட்டில் படிகம் இருந்த இடத்தில் ஊசி ஊசியாக வெற்று ஓட்டை மட்டும் நிற்கும். பழகிய கண் அதைக் கண்டுகொள்ளும், ஆனால் நீதிமன்றத்துக்குப் போகிற அறிக்கையில் ஓட்டையைக் காட்டி வாதாடுவது சுகமில்லை. ஆகவே சிறுநீரகம், கல்லீரல், இதய உறை ஆகியவற்றில் இரட்டைத் துண்டு எடுங்கள். ஒன்று 10% பஃபர் ஃபார்மலினில், மற்றது தண்ணீர் கலக்காத சுத்த எத்தனாலில். சர்ஜிகல் ஸ்பிரிட் போதாது, அதில் தண்ணீர் இருக்கிறது. எத்தனால் டப்பாவின் மேல் "யூரேட் சாயத்துக்கு, தண்ணீர் படக் கூடாது" என்று எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் ஆய்வகத்தில் வழக்கமான ஹெச்-ஈ சாய வரிசையில் ஏற்றி அங்கே கரைத்துவிடுவார்கள்.

துண்டின் கனம் 5 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. திரவம் திசுவைப்போல் 10 மடங்கு. கட்டைவிரல் கனத்தில் வெட்டிப் போட்டால் மேல்தோல் பதப்பட்டு நடு அழுகிப்போகும். 1 லிட்டர் ஃபார்மலின் ஒரு பறவைக்குச் சரி. மூன்று பறவை ஒன்றாகக் கிடந்தால்? 3 லிட்டர் வையுங்கள்.

சிறுநீரகம் எடுப்பது பற்றி ஒன்று. கோழியில் பார்த்திருப்பீர்கள், இடுப்பெலும்பின் குழிக்குள் மூன்று மடலாகப் பதிந்து கிடக்கும். ஃபோர்செப்ஸால் பிடித்து இழுத்தால் நசுங்கி வரும். ஸ்கால்பெல்லின் பின்பக்கத்தை, கைப்பிடியைத்தான் சொல்கிறேன், எலும்புக்கும் உறுப்புக்கும் நடுவில் விட்டு மெல்ல நெம்புங்கள். இடது சிறுநீரகம் முழுசாக மருந்து எச்சத்துக்கு, வலது திசுச் சோதனைக்கு என்று நிரந்தரமாகப் பிரித்துவிட்டால் அங்கே நின்று யோசிக்க வேண்டாம்.

இப்போது வெள்ளைப் பூச்சு. மாவு தூவியதுபோல் இதய உறை மேலும் கல்லீரல் மேலும் படிந்திருக்கும். சிறுநீரகம் வெளிறி வீங்கி, வெள்ளைக் கோடு கோடாக இருக்கும். அதை "உள்ளுறுப்பு யூரேட் படிவு" என்று மட்டும் எழுதுங்கள், டைக்ளோஃபினாக் என்று எழுதாதீர்கள். சிறுநீரகம் எந்தக் காரணத்தால் நின்றாலும் பறவையில் இதே படிவுதான் வரும். கடும் நீரிழப்பிலும் வரும். 2004-ல் பாகிஸ்தான் ஆய்வு இந்த மருந்தைக் குற்றவாளி ஆக்கியது படிவைப் பார்த்து மட்டும் அல்ல. படிவு இருந்த 25 பறவைகளின் சிறுநீரகத்தைச் சோதித்தார்கள், 25-லும் டைக்ளோஃபினாக் இருந்தது. படிவு இல்லாமல் வேறு காரணத்தால் செத்த 13-ல் ஒன்றில்கூட இல்லை. அந்த 13-தான் வாதத்தின் முதுகெலும்பு. நீங்களும் படிவு இல்லாத பறவையை "ஒன்றும் இல்லை" என்று தள்ளாமல் அதே கவனத்தோடு மாதிரி எடுங்கள்.

---

மாயாறு_வடகரை:

மிக்க நன்றி சார். எத்தனால் விஷயம் தெரியவே தெரியாது. ஒரு கேள்வி: படிவு தெளிவாக இருக்கிறது, ஆனால் டைக்ளோஃபினாக் இல்லை என்று ஆய்வக அறிக்கை வருகிறது. அப்போது என்ன எழுதுவது?

---

ஆய்வக_மேசை:

அந்த நிலைமை வந்தால் முதலில் நீங்கள் அனுப்பிய கடிதத்தை எடுத்துப் பாருங்கள். "டைக்ளோஃபினாக் சோதிக்கவும்" என்று கேட்டிருந்தால் அதை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். மருந்து எச்சத்தை அளக்கும் எல்.சி.-எம்.எஸ். கருவி எந்த மருந்தைத் தேடச் சொல்கிறோமோ அதைத்தான் தேடும், கிடைத்ததையெல்லாம் எழுதித் தராது. கடிதத்தில் வலிநிவாரணிகளைப் பெயர் பெயராக எழுதுங்கள்: டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், கீட்டோப்ரோஃபென், நிமிசுலைடு, ஃப்ளூனிக்சின், கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், டோல்ஃபினமிக் அமிலம். கடைசி இரண்டும் கழுகைக் கொல்லாதவை. ஆனாலும் அந்தப் பகுதி மாட்டில் என்ன ஊசி போகிறது என்று அவை சொல்லிவிடும். ஸ்பெயினில் 2012-ல் செத்த ஒரு பாறு கழுகின் உள்ளே இதே யூரேட் படிவு இருந்தது, எச்சமாக வந்தது ஃப்ளூனிக்சின். ஒரே பெயரைத் தேடியிருந்தால் "காரணம் தெரியவில்லை" என்று கோப்பு மூடியிருக்கும்.

அசிக்ளோஃபினாக்கில் ஒரு வில்லங்கம் உண்டு. மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபினாக்காக மாறிவிடுகிறது. மருந்தகப் பதிவேட்டில் அசிக்ளோஃபினாக் என்று இருக்கும், கழுகின் சிறுநீரகத்தில் டைக்ளோஃபினாக் வரும். யாரோ பொய் சொல்கிறார்கள் என்று சண்டை கிளம்பும். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம்.

அளவு பற்றி: அந்தப் பாகிஸ்தான் பறவைகளின் சிறுநீரகத்தில் இருந்தது கிராமுக்கு 0.051 முதல் 0.643 மைக்ரோகிராம் வரை. அவ்வளவு குறைந்த அளவைப் பிடிக்க வேண்டுமென்றால் மாதிரி கெடாமல் வர வேண்டும். கல்லீரல் 20 கிராம், சிறுநீரகம் கிடைத்த அளவு, தனித்தனிக் குப்பியில், மைனஸ் 20-ல். ஒரே குப்பியில் கல்லீரலும் சிறுநீரகமும் கலந்து வந்த பார்சலை வைத்துக்கொண்டு எந்த உறுப்பின் அளவு என்று எழுத முடியாது. ஒருமுறை உறைந்ததை உருக்கி, பங்கு பிரித்து, மறுபடி உறைய வைக்காதீர்கள். வெட்டும்போதே இரண்டு செட்டாகப் பிரித்து ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்குக் கோவை பக்கம் ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தில் நச்சியல் ஆய்வகம் இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பக்கம். அனுப்பும் முன் பேசிவிட்டு அனுப்புங்கள்.

---

குருணை:

வெள்ளைப் பூச்சு இல்லாவிட்டால் பூச்சிமருந்து என்கிற வரியை அடித்துவிடுங்கள். உள்ளே எதுவுமே தெரியாத சாவு பல உண்டு. பூச்சிமருந்து என்று சந்தேகிக்கக் காரணம் உறுப்பில் இருப்பதைவிட இடத்தில் அதிகம் இருக்கும்.

டைக்ளோஃபினாக் தின்ற கழுகு உடனே சாவதில்லை. சிறுநீரகம் நின்று யூரிக் அமிலம் ஏறிச் சாக ஒன்றரை நாளிலிருந்து இரண்டரை நாள் பிடிக்கும். அதற்குள் பறந்து போய் மரத்தில் உட்கார்ந்திருக்கும். தங்குமரத்தடியில், கூட்டுக்குக் கீழே, தீனிப்பை (கழுத்தடியில் இரை தங்கும் பை) காலியாகக் கிடைக்கும் பறவை அந்த வகை. கார்பமேட், ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் வேறு கதை. செத்த மாட்டைச் சுற்றி, சில சமயம் அதன் மேலேயே, தீனிப்பை நிறைய இறைச்சியோடு, நகங்கள் உள்மடங்கி இறுகிக் கிடக்கும். பக்கத்தில் நாய், காக்கை, நரி ஏதாவது ஒன்றும் செத்துக் கிடக்கும். ஈ செத்து விழுந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மாட்டின் மேல் செத்த ஈ கொட்டிக் கிடந்தால் கையுறை இல்லாமல் ஒரு அடி முன்னே வைக்காதீர்கள். டைக்ளோஃபினாக் ஈயைக் கொல்லாது.

கையுறை லேடெக்ஸ் வேண்டாம், நைட்ரைல் இரண்டு அடுக்கு. பூச்சிமருந்து தோல் வழியாக ஏறும். தீனிப்பையைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரியில் முதலிடம் தீனிப்பைக்கு. இரண்டு முனையிலும் நூலால் கட்டி, முழுப் பையாக வெட்டி எடுங்கள். அங்கேயே திறந்து கொட்டிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். கார்போஃபியூரான் (கார்பமேட்), ஃபோரேட் (ஆர்கனோபாஸ்பேட்) இரண்டும் இங்கே குருணையாகத்தான் புழங்கின. குருணை கரையாமல் இறைச்சியில் ஒட்டியிருந்தால் கண்ணுக்கே தெரியும், அதை ஃபோட்டோ எடுத்துத் தனிச் சிறு கண்ணாடிக் குப்பியில் எடுங்கள். ஃபோரேட் பயன்பாடு 2020 டிசம்பர் 31 முதல் தடை. தடை என்பதால் பழைய மூட்டை மாட்டுக்கொட்டகை மூலையிலிருந்து எழுந்து போய்விடாது.

பூச்சிமருந்து மாதிரிக்கு ஜிப் கவர் ஆகாது. பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கும் பொருள் கருவியில் குறுக்கே நிற்கும். அசிட்டோனால் துடைத்த அலுமினியத் தாளில் மங்கலான பக்கம் திசுவில் படும்படி சுற்றி, அதற்கு மேல் கவர் போடுங்கள். அலுமினியம் பாஸ்பைடு சந்தேகம் இருந்தால் மட்டும் முறை மாறும். அது வாயுவாகப் பறந்துவிடும், ஆகவே இறுக்க மூடும் கண்ணாடி ஜாடி, உடனே உறைநிலை.

மூளை உங்கள் பட்டியலில் ஃபார்மலினுக்கு மட்டும் போகிறது. நடுவில் நீளவாக்கில் இரண்டாக்குங்கள். ஒரு பாதி ஃபார்மலினுக்கு, மற்ற பாதி தாளில் சுற்றி உறைநிலைக்கு. இந்தப் பூச்சிமருந்துகள் முடக்குகிற கோலினெஸ்டரேஸ் நொதியை உறைந்த பாதியில்தான் அளப்பார்கள். இயல்பைவிட 20% குறைந்தால் மருந்து பட்டிருக்கிறது, 50%-க்கு மேல் குறைந்தால் அதுவே சாவுக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம். இயல்பு எவ்வளவு என்பதில்தான் சிக்கல். அதே இனத்தில் வேறு காரணத்தால் செத்த பறவையின் மூளை ஒப்பிடக் கிடைப்பது அபூர்வம். அது இல்லாதபோது ஆய்வகம் நொதியை மீட்டெடுத்துப் பார்க்கும். 37 டிகிரியில் சும்மா வைத்தாலே நொதி எழுந்தால் கார்பமேட், பிராலிடாக்சைம் என்ற முறிமருந்து சேர்த்த பிறகு எழுந்தால் ஆர்கனோபாஸ்பேட்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சித்திரை வெயிலில் கிடந்த உடலில் கார்பமேட்டின் பிடி தானாகவே விட்டுவிடும். நொதி இயல்பு என்று அறிக்கை வரும், பறவை கார்போஃபியூரானால்தான் செத்திருக்கும். அதனால்தான் தீனிப்பைக்கு முதலிடம் என்கிறேன்.

புழு வைத்த உடல் பற்றிக் கேட்டீர்கள். திசுச் சோதனையை மறந்துவிடுங்கள். மருந்து எச்சம், பூச்சிமருந்து இரண்டுக்கும் இன்னும் வழி உண்டு. கல்லீரல் அடையாளம் தெரிகிற வரை எடுக்கலாம். தீனிப்பையில் காய்ந்த இறைச்சி, உடலில் நெளியும் புழு 10 கிராம், உடலுக்கு அடியில் நனைந்த மண் ஒரு கைப்பிடி, ஒப்பிட 10 மீட்டர் தள்ளி இன்னொரு கைப்பிடி. எலும்பு மட்டும் மிஞ்சியிருந்தால் ஈயத்துக்கு அனுப்பலாம், ஈயம் எலும்பில் தங்கும்.

---

திசுத்தகடு:

குருணை சொன்னதில் ஒரு சிறு திருத்தம். அலுமினியத் தாள் பூச்சிமருந்து மாதிரிக்கு மட்டும். உலோகச் சோதனைக்குப் போகும் கல்லீரலைத் தாளில் சுற்ற வேண்டாம், அது பாலிபுரோப்பிலீன் குப்பியில். வலிநிவாரணி மருந்துகளுக்கும் அதே குப்பி போதும். ஈயம் என்றதும் நினைவுக்கு வருகிறது, உள்ளே ஈயத் துண்டு இருக்கிறதா என்று பார்க்க, அறுக்கும் முன் எக்ஸ்ரே எடுக்க வழி இருந்தால் எடுங்கள். மருந்தகத்தில் இல்லாவிட்டால் தாலுகா ஆஸ்பத்திரியில் கேட்கலாம். கல்லீரல் ஈயம் ஈர எடையில் 2 பி.பி.எம்.-க்குக் கீழே என்றால் பொருட்படுத்த வேண்டாம், 6-ஐத் தாண்டினால் நோய், 10-ஐத் தாண்டினால் கடுமை.

---

மாட்டு_டாக்டர்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். செத்த மாட்டுக்குப் பக்கத்தில் போனதும் கத்தியை எடுக்காதீர்கள். மூக்கு, ஆசனவாயில் உறையாத கறுத்த ரத்தம் வடிகிறதா, சாவுக்குப் பின் விறைப்பு சரியாக வரவில்லையா, வயிறு வேகமாக ஊதுகிறதா? அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். காது ரத்தநாளத்தில் ஊசியால் ஒரு சொட்டு எடுத்துத் தகட்டில் தேய்த்துப் பாலிகுரோம் மெத்திலீன் ப்ளூ சாயம் போட்டுப் பாருங்கள். கம்பி போன்ற நீலக் கிருமியைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரிந்தால் உடலைத் திறக்கவே கூடாது.

அது இல்லை என்று உறுதியானால் முழுதாக அறுக்க வேண்டியதில்லை. வலது பக்கம் கடைசி விலா எலும்புக்கு முன்னால் ஒரு சாண் கிழித்தால் கல்லீரல் கைக்கு வரும். தீப்பெட்டி அளவு ஒரு துண்டு கல்லீரல், அதே அளவு சிறுநீரகம் போதும். கழுத்திலும் தொடையிலும் ஊசி போட்ட தடம் தேடுங்கள். தோலை உரித்துப் பார்த்தால் ஊசி இறங்கிய தசையில் ரத்தக் கட்டு இருக்கும். மருந்து அங்கே மிகச் செறிவாக நிற்கும், அந்தத் தசையைத் தனியாக எடுங்கள். கழுகில் எச்சம் தேய்ந்து போயிருந்தாலும் இது காட்டிக் கொடுக்கும்.

எத்தனை நாள் ஆபத்து என்று விவசாயி கேட்பார். மாட்டின் உடலில் டைக்ளோஃபினாக் ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துச் செத்த மாடு கழுகுக்கு ஆபத்தில்லை. முதல் 2-3 நாளில் செத்ததுதான் வம்பு. ஆனால் கவனியுங்கள், ஊசி போடுவதே சாகக் கிடக்கும் மாட்டுக்குத்தான். அதனால் அந்த 2-3 நாள் கணக்கில் பல மாடுகள் விழுந்துவிடுகின்றன. பாறு கழுகுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 முதல் 0.2 மி.கி. போதும் சாக. 5 கிலோ பறவைக்கு 1 மி.கி. அதிகபட்சம். ஒரு மாட்டின் மேல் 40 பாறு உட்காரும், மாடு ஒன்றுதான்.

சட்ட வரிசையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கிராமத்தில் கேட்பார்கள். கால்நடைக்கான டைக்ளோஃபினாக்குக்கு 2006-ல் தடை உத்தரவு, 2008-ல் அரசிதழ் அறிவிப்பு. பிறகும் மனிதருக்கான 30 மி.லி. பாட்டில் மாட்டுக்குப் போனது, ஆகவே 2015-ல் மனித ஊசியை 3 மி.லி. ஒற்றைக் குப்பியாகக் கட்டிப்போட்டார்கள். கணக்கு எளிது: 3 மி.லி.யில் 75 மி.கி. இருக்கும். 300 கிலோ மாட்டுக்குக் கிலோவுக்கு 1 மி.கி. என்றால் நான்கு ஆம்பூல் உடைக்க வேண்டும், ஒரு வேளைக்கே. பழைய 30 மி.லி. பாட்டிலில் இரண்டு மாட்டுக்குப் போட்டுவிட்டு மிச்சமும் இருக்கும். கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைக்கு 2023 ஜூலையில் தடை. நிமிசுலைடு 2024 டிசம்பர் இறுதியில்.

மாற்று மருந்து மெலாக்சிகாம், டோல்ஃபினமிக் அமிலம். "மெலாக்சிகாம் கேட்காது சார்" என்ற புகாரை இங்கே பேசியே ஆக வேண்டும், அது இருக்கும்வரை தடை காகிதத்தில்தான் நிற்கும். மெலாக்சிகாம் அளவு கிலோவுக்கு 0.5 மி.கி., ஒரே ஊசி. 300 கிலோ மாட்டுக்கு 150 மி.கி. கடையில் 5 மி.கி./மி.லி. பாட்டிலும் உண்டு, 15, 20 என்று செறிவானதும் உண்டு. 5 மி.கி. பாட்டிலில் 30 மி.லி. போட வேண்டும். பழக்க தோஷத்தில் 10 மி.லி. போட்டுவிட்டு வந்தால் மாட்டுக்குக் கிடைத்தது 50 மி.கி., மூன்றில் ஒரு பங்கு. மாடு எழவில்லை, மருந்துக்குக் கெட்ட பெயர். பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் செறிவைப் படித்துவிட்டுச் சிரிஞ்சை நிரப்புங்கள். டோல்ஃபினமிக் அமிலம் கிலோவுக்கு 2 மி.கி., மடிநோய்க்கு 4 மி.கி. நரம்பில்.

விஷம் வைத்த மாடு என்று தெரிந்தால் மாதிரி எடுத்த கையோடு முழுசாக எரிக்க ஏற்பாடு செய்யுங்கள். ஆழமில்லாமல் புதைத்தால் அன்று இரவே நாய் தோண்டும்.

---

கூண்டு_எண்_3:

உயிரோடு தள்ளாடும் பறவை கிடைத்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை, பெட்டியில் அதற்கும் இடம் ஒதுக்குங்கள்.

வாயில் எச்சில் வழிந்து, நடுங்கி, கால் விரல் மடங்கி, தீனிப்பை நிறைந்திருந்தால் பூச்சிமருந்து என்று கருதி உடனே ஆரம்பிக்கலாம். முறிமருந்தான அட்ரோபின் கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மி.கி. 5 கிலோ பாறுவுக்குக் குறைந்த அளவே 1 மி.கி. அதாவது 0.6 மி.கி./மி.லி. ஆம்பூலில் 1.7 மி.லி. ஒரு ஆம்பூல் போட்டுவிட்டுக் காத்திருந்தால் பறவை போய்விடும், பெட்டியில் குறைந்தது 10 வையுங்கள். முதல் அளவில் கால் பங்கு நரம்பில், மீதி தசையில். 3-4 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். கண்மணி விரிகிறதா என்று பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். பறவையின் கண் தசை வரித்தசை, அட்ரோபினுக்கு அசையாது. வாயில் எச்சில் காய்கிறதா, இதயத்துடிப்பு ஏறுகிறதா என்று பாருங்கள். ஆர்கனோபாஸ்பேட் என்று தெரிந்தால் பிராலிடாக்சைம் கிலோவுக்கு 20 மி.கி., 25 மி.கி./மி.லி. கரைசலில் 4 மி.லி. முதல் 24 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். கார்பமேட் என்றால் அது தேவையில்லை.

தீனிப்பையைக் காலி செய்யாமல் எந்த மருந்தும் நிற்காது, உள்ளேயிருந்து விஷம் ஏறிக்கொண்டே இருக்கும். தலையைத் தாழ்த்திப் பிடித்து, தொண்டைவழி குழாய் விட்டு, வெதுவெதுப்பான உப்புநீரால் கழுவுங்கள். வெளியே வந்ததைக் கொட்டிவிடாதீர்கள், மாதிரி அதுதான்.

எச்சில் இல்லை, நடுக்கம் இல்லை, கழுத்துத் தொங்கித் தூங்கி விழுகிறது என்றால் ரத்தம் எடுத்து யூரிக் அமிலம் பாருங்கள். ரிங்கர் லாக்டேட் வெதுவெதுப்பாகக் கிலோவுக்கு 10-20 மி.லி. கழுத்துத் தொங்குவதை மட்டும் வைத்து டைக்ளோஃபினாக் என்று முடிவு கட்ட வேண்டாம். உச்சி வெயிலில் நல்ல பாறுவும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும்.

---

மாயாறு_வடகரை:

பெட்டியை மாற்றி அடுக்கிவிட்டேன். அனுமதி, அனுப்பும் வழி பற்றிக் கடைசியாக ஒன்று. வனத்துறை ஆள் கூட இருந்தால் போதுமா? சனிக்கிழமை அறுத்தால் அன்றே அனுப்பிவிடலாமா?

---

ஆய்வக_மேசை:

பாறு கழுகு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இறந்த உடலும் அரசு உடைமை. வனச்சரகர் எழுத்தில் கேட்டு, அவர் முன்னிலையில் அறுத்து, மகஜரில் ஒவ்வொரு குப்பியின் எண்ணும் ஏறி, இருவரும் கையெழுத்திட வேண்டும். மாதிரி மாவட்டம் தாண்டிப் போக முதன்மை வன உயிரினக் காப்பாளரின் அனுமதிக் கடிதம் பார்சலோடு இருக்கட்டும். அதை இப்போதே பொதுவாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள முடிகிறதா என்று சரகரிடம் பேசுங்கள், பறவை செத்த பிறகு கோப்பு நகர்த்துவது கஷ்டம்.

சனிக்கிழமை அனுப்ப வேண்டாம். ஞாயிறு முழுக்கக் கூரியர் குடோனில் கிடந்து திங்கள் வரும்போது ஐஸ் தண்ணீராகியிருக்கும். மைனஸ் 20-ல் வைத்திருந்து திங்கள் காலை, முடிந்தால் கையோடு ஆள் கொண்டுவரட்டும். உங்கள் இடத்திலிருந்து ஆனைகட்டி ஒரு பகல் பயணம்தான். ஃபார்மலின் டப்பாவையும் எத்தனால் டப்பாவையும் ஐஸ் பெட்டிக்குள் வைக்காதீர்கள், அவை அறை வெப்பத்தில் தனிப் பெட்டியில்.

மார்க்கர் பேனாவைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். எத்தனால் ஒரு சொட்டுப் பட்டால் எழுத்து ஓடிவிடும். தடித்த தாளில் பென்சிலால் எண், தேதி, உறுப்பு எழுதி டப்பாவுக்கு உள்ளேயே போடுங்கள்.